மரம் வைக்க நாலு வருஷப் படிப்பா?

என் தங்கை பேத்தி இந்த வருஷம் மேட்டுப்பாளையம் வனவியல் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். அவள் வாங்கிய மார்க்குக்கு இன்ஜினியரிங் கிடைத்திருக்கும். இதுதான் வேண்டும் என்று அவளே கேட்டுச் சேர்ந்தாள். சொந்தத்தில் ஒருவர் பாக்கியில்லாமல் துக்கம் விசாரிப்பதுபோல விசாரித்துவிட்டார்கள். "ஏனுங்க மாமா, மரம் வைக்கறதுக்கு நாலு வருசம் படிக்கோணுமா?" என்றார் ஒரு மாப்பிள்ளை.

கேலியாகக் கேட்டாலும் கேட்க வேண்டிய கேள்விதான். மண்வளப் பாதுகாப்பு வேலையில் இருபத்தொன்பது வருஷம் டம்பி லெவலைத் தூக்கிக்கொண்டு மேடு பள்ளம் ஏறி இறங்கியவன் நான். மரம் வைக்க ஒரு நாள் போதும். எங்கே வைக்கக்கூடாது என்று தெரிந்துகொள்ளத்தான் நாலு வருஷம். அதுவும் பத்தாது என்பேன்.

ஊட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். நீலகிரியின் மேல்மலை ஆதியில் புல்வெளியும், பள்ளங்களில் ஒதுங்கி நிற்கும் சோலைக்காடும்தான். வெள்ளைக்காரன் கண்ணுக்கு அந்தப் புல்வெளி சும்மா கிடக்கிற நிலமாகத் தெரிந்தது. 1843 வாக்கில் ஆஸ்திரேலியாவிலிருந்து யூகலிப்டஸ் வந்தது. முதலில் விறகுக்கு என்றார்கள், பிற்பாடு ரேயான் கூழுக்கு என்றார்கள். சுதந்திரத்துக்குப் பிறகும் நாம் நிறுத்தவில்லை. மலை முழுக்கப் பச்சை, வாசனை வேறு. தைல மரம் என்று ஆசையாகப் பெயரும் வைத்தோம். அதில் குறை சொல்ல யாருக்குத் தோன்றும்?

1954-இல் ஊட்டியில் மத்திய அரசின் மண், நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையம் வந்தது. அவர்கள் கிளென்மார்கன் பக்கம் செய்த ஒரு வேலையைப் பற்றி நம் ஊரில் அதிகம் பேருக்குத் தெரியாது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சிறு பள்ளத்தாக்குகள், ஒவ்வொன்றும் எண்பது ஏக்கர் சுமார். இரண்டின் ஓடைகளிலும் அளவுத் தடுப்பு கட்டி, முதலில் சில வருஷம் எதையும் தொடாமல் தண்ணீரை மட்டும் அளந்தார்கள். 1972-இல் ஒன்றில் மட்டும், அதிலும் பாதிக்குச் சற்றே கூடுதலான பரப்பில், யூகலிப்டஸ் வைத்தார்கள். மற்றதை அப்படியே விட்டுவிட்டார்கள். பிறகு பத்து வருஷம் அளந்தார்கள். மரம் வைத்த பக்கத்தில் ஓடைத் தண்ணீர் சராசரியாக 16 சதவீதம் குறைந்திருந்தது. வெட்டிய அடிக்கட்டையிலிருந்து துளிர்த்து வந்த அடுத்த சுற்றில் குறைவு இன்னும் அதிகம், கால் பங்கு.

பத்து வருஷம் மழையிலும் குளிரிலும் யாரோ ஒருவர் போய் அளவு எடுத்திருக்கிறார். அந்தக் கணக்கு நோட்டு இல்லையென்றால் "மரம் வைத்தால் மழை வரும், தண்ணீர் பெருகும்" என்று மேடையில் பேசுவதை மறுக்க நம்மிடம் எதுவும் இருக்காது. ராமநாதபுரத்துச் சீமைக்கருவேலமும் விறகுக்கு ஆகும் என்று நல்ல எண்ணத்தில் பரப்பப்பட்டதுதான். இவற்றைப் பரப்பியவர்களில் படித்தவர்களும் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதனால் படிப்பு என்றால் எந்தப் படிப்பு என்ற கேள்வி வருகிறது.

இங்கேதான் எனக்கு வருத்தம். காடு பற்றிய படிப்பு மேட்டுப்பாளையத்தில். மண், நீர்ப் பாதுகாப்புப் பொறியியல் கோவையில். நடுவே 35 கிலோமீட்டர். மலையில் பெய்கிற மழைக்கு இந்தப் பாகப்பிரிவினை தெரியாது. அது சோலையில் ஊறி, தேயிலைத் தோட்டம் வழியாக இறங்கி, உருளைக்கிழங்குக் காட்டு மண்ணையும் அடித்துக்கொண்டு பவானியில் சேர்கிறது. மேலே சரிவில் படிமட்டத்தை உட்பக்கம் சாய்த்து வெட்டாமல் விட்டால் கீழே அணையில் வண்டல் ஏறுகிறது. இதைத் தனித்தனிப் பாடமாக ஆறு மாதத்துக்கு ஒரு பரீட்சை எழுதிப் புரிந்துகொள்ள முடியாது. ஒரே ஓடையைத் தலைமுதல் வாய்வரை நாலு வருஷமும் நடந்து, மழைமானியும் அளவுகோலும் வைத்துக் குறித்துவந்தால் புரியும். என்னைக் கேட்டால் பட்டத்துக்கு அந்த ஒரு நோட்டே போதும். மற்றதெல்லாம் அதற்குத் துணை.

வேலை? அதுதான் உறவினர்களின் உண்மையான கவலை, நியாயமானதும்கூட. இந்தப் படிப்பு படித்த பிள்ளைகள் பலர் கடைசியில் பாங்க் பரீட்சை எழுதிப் போய்விடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். தமிழ்நாட்டில் 388 ஊராட்சி ஒன்றியங்கள் இருக்கின்றன. ஒன்றியத்தில் ரோட்டுக்கு, கட்டடத்துக்கு இன்ஜினியர் உண்டு. ஓடைக்கென்று ஒருவர் கிடையாது. தடுப்பணை எங்கே கட்டுவது, எந்தக் கரட்டில் புல்லை அப்படியே விடுவது, எந்தக் குளத்துக்கு வருகிற வாய்க்கால் எந்த லே-அவுட்டுக்குள் புதைந்தது என்று சொல்ல ஒன்றியத்துக்கு ஒரு பட்டதாரியைப் போட்டால் 388 சம்பளம். ஒரு மேம்பாலத்தை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிவைத்தால் எத்தனை வருஷத்துக்குக் காணும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இன்னொன்று, நம் வயதுக்காரர்களுக்கு. எங்கள் பிரிவில் கருவியை நிறுத்துவதற்கு முன் ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு காட்டைச் சுற்றி வருவது வழக்கம். "போன பெருமழையில தண்ணி இந்த வேலாமரம் வரைக்கும் ஏறுச்சுங்க" என்று அவர் கைகாட்டும் இடம் எந்த வரைபடத்திலும் இருக்காது. வரப்புக்குக் கோடு போடும்போது அதையும் சேர்த்தே போடுவோம். இப்போது அந்தப் பெரியவர்களின் இடத்தில் இருப்பது நாம்தான்.

பேத்தி காரமடைப் பக்கத்து ஓடை ஒன்றை எடுத்துக்கொள்ளலாமா என்று யோசிக்கிறாள். அந்தப் பக்கத்து வாசகர்கள் யாருக்காவது எழுபதுகளில் அது எதுவரை ஓடியது, எந்த மாதத்தில் வற்றும் என்று ஞாபகம் இருந்தால் எழுதுங்கள். கிணற்றில் எத்தனை முழத்தில் தண்ணீர் கிடந்தது என்று சொன்னாலும் போதும், அவளிடம் கொடுத்துவிடுகிறேன்.