மீனுக்கும் திணை உண்டு

ஆற்றில் நீர் இருந்தால் மீன் தானே இருக்கும் என்பது பலரது எண்ணம். விரலளவே வளரும் சிறுமீன்களைப் பொறுத்தவரை இவ்வெண்ணம் பிழையானது என்பதே நமது கருத்து. நீரின் வேகம், ஆழம், அடியிற் கிடப்பது மணலா கல்லா சேறா என்பது, கரைமரங்களின் நிழல் ஆகியனவே எம்மீன் எங்கு வாழும் என்பதை வரையறுக்கின்றன. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளென முன்வைத்து, உயிர்களை அவற்றின்வழிப்பட்ட கருப்பொருளாகக் கண்ட தமிழருக்கு இது புதுமையன்று.

நம் நாட்டின் தென்மேற்கு ஈரவலயத்தை நோக்குவோம். களனி கங்கை முதல் நில்வளா கங்கை வரையுள்ள ஆறுகளின் கிளையோடைகளில், உலகில் வேறெங்கும் இயல்பாகத் தோன்றாத சிறுமீன்கள் பல உள. 1929இல் பி. ஈ. பி. தெரணியகல விவரித்த, சிங்களத்தில் 'லே தித்தயா' எனப்படும் செந்நிற மீன், நிழல் கவிந்து, இலைச்சருகு படிந்து, மெல்ல ஓடும் ஆழமற்ற நீரையே நாடும். அதே ஆற்றின் விரைந்த நீரிலோ, கற்களைப் பற்றி நின்று பாசி மேயும் வேறோர் இனம் வாழும். இரண்டுக்கும் இடைத்தூரம் சில அடிகளே. எனினும் ஒன்றன் இடம் மற்றதற்கு ஆகாது. உலர்வலயக் குளத்து விராலோ காற்றையே விழுங்கி, வற்றும் சேற்றிலும் உயிர் தாங்கும். அவ்வன்மை ஓடைமீனுக்கு இல்லை.

கரைமரம் வீழ்ந்தால் வெயில் நேரே இறங்கி நீர் சூடேறுகிறது, பிராணவாயு குறைகிறது, மழையில் அரித்த மண் கல்லிடுக்குகளை அடைக்கிறது, மீனுக்கு இரையாக மேலிருந்து விழும் பூச்சிகளும் அற்றுப்போகின்றன. இவ்வளவும் ஒரு கோடரியின் வேலை.

இவற்றுட் சில மீன்களைப் பிடித்தலும் ஏற்றுமதி செய்தலும் சட்டத்தால் தடுக்கப்பட்டுள்ளன. நன்றே, ஆயினும் போதாது. கேகாலை மாவட்டத்துக் கலப்பிட்டமடப் பகுதியில் வாழும் 'பந்துல' கெண்டை 1991இல் விஞ்ஞானிகளால் விவரிக்கப்பட்டபோது ஒரேயொரு சிற்றோடையிலேயே அறியப்பட்டிருந்தது. அவ்வோடை காப்புக் காட்டினுள் இல்லை. வயலுக்கும் இறப்பர்த் தோட்டத்துக்கும் இடையே ஓடுகிறது. வலை வீசுவோனைத் தண்டித்துவிட்டு, வயலிலிருந்து வடியும் கிருமிநாசினியைக் கண்டுகொள்ளாதிருந்தால் அம்மீனுக்கு என்ன பயன்?

சோற்றுக்கு நெல்லும் விளக்குக்கு மின்சாரமும் வேண்டாவோ எனச் சிலர் வினவுவர். வேண்டும். ஆனால் கரையோரம் சில அடி மரம் விட்டு உழுதலும், அணைக்குக் கீழே கோடையிலும் சிறிது நீர் ஓடவிடுதலும் எவரையும் பட்டினியிடா. உளுவை இனத்துச் சில மீன்களின் குஞ்சுகள் கடலுக்குப் போய் மீண்டும் ஆறேறி வருவன. அணையை வரைவோர் அவற்றின் வழியையும் படத்திற் குறித்தல் வேண்டும். நம் பழைய மாணவருட் பொறியியலாளரும் நீர்ப்பாசன உத்தியோகத்தரும் பலர். இவ்விண்ணப்பம் முதலில் அவர்களுக்கே. மாணவர்க்கு, மழைக்காலத்தில் மட்டும் ஓடும் நம் வழுக்கையாறு அருகிலேயே உளது: வரும் மாரியில் அதன் எப்பகுதியில் எம்மீன் வருகிறது, எப்போது மறைகிறது எனக் குறிப்பேட்டில் எழுதத் தொடங்கலாம்.