ஊர் நகரமாச்சு, சேரி என்னாச்சு?

சிம்மக்கல்லில் பஸ் ஏறி, பாலம் தாண்டி, மாட்டுத்தாவணியையும் தாண்டினால் ஒத்தக்கடை. பெயரே வரலாறு சொல்லுது: ஒத்தைக் கடை இருந்த ஊர். இன்றைக்கு அங்கே எத்தனை கடை என்று எண்ணப்போனால் டீ ஆறிப்போகும். 1965இல் வேளாண்மைக் கல்லூரி வந்தது. 1999இல் மாட்டுத்தாவணிக்குப் பஸ் நிலையம். 2004 ஜூலை 24இல் உலகனேரியில் உயர்நீதிமன்றக் கிளை. அதுக்குப் பிறகு வக்கீல் வீடு, வக்கீலுக்கு வாடகை வீடு, வாடகை வீட்டுக்கு மேலே இன்னொரு மாடி. உலகனேரி என்பதில் ஒரு ஏரி இருக்கிறதே, அது எங்கே என்று யாரும் கேட்பதில்லை.

எல்லாத்தையும் பார்த்துக்கொண்டு யானைமலை படுத்துக்கிடக்கிறது. இரண்டாயிரம் வருசத்துக்கு முன்னால் தமிழி எழுத்தில் அதன் பெயர் இவகுன்றம் என்று வெட்டியிருக்கிறார்கள். சமணத் துறவிகள் படுத்த கல் அது. அடிவாரத்து நரசிங்கத்தில் 770இல் பாண்டியனின் அமைச்சன் மாறன்காரி குடைவித்த பெருமாள் கோயில். 2010இல் இந்த மலையைச் சிற்பக்கலை நகரமாக்கப் போகிறோம் என்று அரசு கிளம்பியபோது சுற்றுவட்டார மக்கள் மறித்து நின்றார்கள், மலை தப்பியது. வயலுக்கு அப்படி மறிக்க ஆள் இல்லை. வயல் கல் நட்டு, வர்ணம் அடித்து, ஏதோ ஒரு நகர் ஆகிவிட்டது. திருமங்கலத்திலிருந்து ஒத்தக்கடைக்கு 32 கிலோமீட்டர் மெட்ரோ என்ற திட்டத்தை 2025 நவம்பரில் ஒன்றிய அரசு திருப்பி அனுப்பிவிட்டது. ஆனாலும் புரோக்கர்கள் வாயில் மெட்ரோ இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

நான் வங்கியில் வேலை பார்க்கிறவன். வீட்டுக்கடன் காகிதங்கள் என் மேசை வழியாகத்தான் போகும். பட்டா, வில்லங்கம், தாய்ப்பத்திரம், வரைபடம். இந்தக் காகிதங்களில் சாதி கிடையாது. ஆனால் ஒரே சாலையில், ஒரே அளவில் இரண்டு மனை. ஒன்று விலை கூட, ஒன்று குறைச்சல். ஏன் என்று கடன் கேட்டு வந்த ஒருவரிடம் கேட்டேன். குரலைத் தாழ்த்தினார்: "பின்னாடி காலனி இருக்கு சார்." அவருக்குத் தெரியாது, நான் காலனிக்காரன் என்று. கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பினேன். அன்றைக்கு எழுதின கவிதையைக் கிழித்துப்போட்டேன், நல்லா வரல.

நாலு வருசம் முன்னால் நானும் இந்தப் பக்கம் வாடகைக்கு வீடு தேடினேன். வீட்டுக்காரர் நல்ல மனுசர், காபி கொடுத்தார். "தம்பிக்கு எந்த ஊரு?" சொன்னேன். "மேலூர்ல எங்க?" அதையும் சொன்னேன். "கொலதெய்வம் எது தம்பி?" அதையும் சொன்னேன். காபி டம்ளரைப் பார்த்துக்கொண்டே, "தங்கச்சி மகனுக்குன்னு சொல்லி வச்சிருக்கோம்" என்றார். மூன்று மாதம் அந்த வீட்டு வாசலில் 'டு லெட்' பலகை தொங்கியது. தங்கச்சி மகன் வரவேயில்லை.

அமெரிக்காவில் இதைக் காகிதத்திலேயே எழுதினார்கள். 1947இல் நியூயார்க் பக்கத்தில் லெவிட்டவுன் என்று புறநகர் கட்டியபோது வெள்ளையரல்லாதவர் குடியிருக்கக்கூடாது என்று ஒப்பந்தத்திலேயே போட்டார்கள். அதற்கு முன்பே, 1930களில், கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளை வரைபடத்தில் சிவப்புப் பூசிக் கடன் கொடுக்க ஆகாத இடம் என்று ஒதுக்கினார்கள். 1957இல் பென்சில்வேனியாவின் லெவிட்டவுனில் முதல் கறுப்பினக் குடும்பம் குடியேறியபோது ஜன்னலில் கல் விழுந்தது. காகிதத்தில் இருந்ததால் அவர்கள் நீதிமன்றம் போனார்கள், 1968இல் வீட்டுரிமைச் சட்டம் வாங்கினார்கள். நம்ம வீட்டுக்காரர் காகிதத்தில் எழுதுவதில்லை. காபி கொடுக்கிறார்.

தோழர்களே, கிராமம் அழிகிறதே என்று அழுவதற்கு நமக்கு ஒன்றுமில்லை. 1948 நவம்பர் 4இல் அரசியல் நிர்ணய சபையில் கிராமத்தைப் புகழ்ந்தவர்களுக்கு அண்ணல் அம்பேத்கர் சொன்ன பதில் நமக்குத் தெரியும். ஒத்தக்கடையிலிருந்து இதே சாலையில் வடக்கே போனால் மேலூர், அதற்கு அப்பால் மேலவளவு. ஊராட்சித் தலைவர் நாற்காலியில் ஒரு தலித் உட்கார்ந்ததற்காக 1997 ஜூன் 30இல் முருகேசனையும் ஐந்து தோழர்களையும் பஸ்ஸை மறித்து வெட்டினார்கள். அந்த மண்ணை ஒட்டிக்கொண்டு ஒப்பாரி வைக்க நாம் தயாரில்லை. நகரம் வரட்டும். ஆனால் யாருக்கு வருகிறது?

2011இல் மதுரை மாநகராட்சி சுமார் 52 சதுர கிலோமீட்டரிலிருந்து 148 ஆனது. 72 வார்டு 100 ஆனது. ஒத்தக்கடைக்கு முந்தின ஊரான உத்தங்குடி அப்போது உள்ளே போனது. போன ஊர்களில் ஊராட்சித் தலைவர் பதவி கிடையாது, சுழற்சியில் நமக்கு வரவேண்டிய ஒதுக்கீடும் அதோடு சரி. நூறு நாள் வேலையும் நின்றது, அது கிராமத்துக்கு மட்டும் என்பதால். வீட்டு வரி மட்டும் மாநகராட்சிக் கணக்கில் வந்தது. 2025 ஜனவரியில் இன்னும் பல ஊராட்சிகளை மாநகராட்சிகளோடு இணைக்க அரசு அறிவித்தபோது பல ஊர்களில் பெண்கள் தெருவுக்கு வந்து போராடியதற்கு முதல் காரணம் இந்த வேலைதான். நகரம் நமக்கென்று தயாராக வைத்திருக்கிற வேலை எது என்றும் தெரியும். 2022 ஏப்ரலில் பழங்காநத்தம் நேரு நகரில் கழிவுநீர்த் தொட்டியில் இறங்கிய ஒப்பந்தத் தொழிலாளர் மூவர் மூச்சுத்திணறிச் செத்தார்கள். கையால் மலம் அள்ளத் தடைச்சட்டம் வந்து அப்போது ஒன்பது வருசம்.

இன்னொன்று, நிலம். 1892இல் வெள்ளைக்கார அரசு, செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் எழுதிய அறிக்கையை வைத்து, பஞ்சமருக்கென்று நிலம் ஒதுக்கியது. மற்றவர்க்கு விற்றால் செல்லாது என்பது நிபந்தனை. அந்த நிலத்தைக் கேட்டதற்குத்தான் 1994 அக்டோபர் 10இல் செங்கல்பட்டில் போலீஸ் சுட்டு ஜான் தாமஸும் ஏழுமலையும் விழுந்தார்கள். வயல் மனையாகும்போது இந்தப் பதிவுதான் முதலில் கரையும். கல் நட்டு, நாலு கை மாறி, மாடி எழும்பிய பிறகு யார் போய்ப் பிடுங்குவது? 2016 செப்டம்பரில் அங்கீகாரமில்லாத மனைகளின் பதிவை உயர்நீதிமன்றம் நிறுத்தியபோது, மாதத் தவணை கட்டி ஒன்றரை சென்ட் வாங்கின சித்தாளும் கொத்தனாரும் கையில் ரசீதோடு நின்றதை நான் வங்கிக் கவுண்டரிலிருந்து பார்த்தேன். அடுத்த வருசம் வரன்முறைத் திட்டம் வந்தது, கட்டணம் கட்ட முடிந்தவர்களுக்கு.

எனவே மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. விடுமுறையில் இரண்டு பேர் இரண்டு பேராகக் கிளம்புங்கள். மாநகராட்சிக்குள் போகவிருக்கிற ஒவ்வொரு ஊருக்கும் 'அ' பதிவேட்டின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பத்து ரூபாய்தான் கட்டணம். டி.சி. நிலம் என்று குறித்த சர்வே எண்களை எழுதிக்கொண்டு நேரில் போய்ப் பாருங்கள், அதில் இன்று நெல்லா, மனைக்கல்லா, கல்யாண மண்டபமா என்று. காலனி வீடுகளில் எத்தனைக்குப் பட்டா இருக்கிறது, சுடுகாட்டுப் பாதை யார் வயலுக்கு நடுவே போகிறது என்பதையும் குறியுங்கள். இணைப்பு அரசாணைக்கு முன்பே பட்டாவும் பாதையும் பதிவாக வேண்டும் என்பதே நம் கோரிக்கை. விண்ணப்பம் எழுதத் தெரியாதவர்கள் ஞாயிறு காலையில் சிம்மக்கல் மைய நூலகத்து வாசலுக்கு வாருங்கள். பத்து மணிக்கு நான் பேனாவோடு நிற்பேன்.