குருதியோட்டமும் நமது மேடைப் பெருமையும்

மீலாது மேடைகளில் ஆண்டுதோறும் நாம் கேட்கும் பேச்சு ஒன்றுண்டு. "குருதியோட்டத்தைக் கண்டவர் ஆங்கிலேயரான வில்லியம் ஹார்வி அல்லர். ஏறத்தாழ நானூறு ஆண்டுகளுக்கு முன்பே நம்மவர் இப்னுன் நஃபீஸ் அதைக் கண்டுவிட்டார். மேனாட்டார் திருடிக்கொண்டனர்" என்பதே அப்பேச்சு. தக்பீர் முழங்கும், பந்தல் கலையும், கேட்டவரும் சொன்னவரும் நிறைந்த மனத்தோடு வீடு திரும்புவர்.

அப்பேச்சில் பாதி உண்மை, பாதி பிழை. பிழையை நாமே திருத்தாவிடில் பிறர் திருத்துவர். அன்று அதனோடு சேர்ந்து உண்மையான பாதியும் மதிப்பிழக்கும். ஆதலின் கசந்தாலும் சொல்லத் துணிந்தோம்.

ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டைப் பார்த்தவர்களுக்கு இதனை விளக்குதல் எளிது. தாமிரபரணி நீர் அங்கே வடகாலிலும் தென்காலிலும் பிரிந்து, குளங்களை நிரப்பி, வயல்களில் பாய்கிறது. பயிர் குடித்த நீர் மீண்டும் அணைக்கு வருவதில்லை. குருதியும் இவ்வாறே என்று கருதினார் கிரேக்க மருத்துவர் ஜாலீனூஸ். உண்ட உணவிலிருந்து ஈரலில் குருதி பிறக்கிறது. நாளங்கள் வழியே உறுப்புகளுக்குப் பாய்கிறது. அங்கேயே உறிஞ்சப்பட்டுத் தீர்கிறது. அதில் ஒரு பகுதி இதயத்தின் நடுச்சுவரிலுள்ள நுண்துளைகள் வழியே வலப்புற அறையிலிருந்து இடப்புற அறைக்குக் கசிகிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் உலகம் இதனை நம்பிற்று. இப்னு ஸீனாவின் 'அல்கானூன்' நூலும் அத்துளைக் கருத்தை விட்டு விலகவில்லை.

1242-ல், அதாவது ஹிஜ்ரி 640-ல், அந்தக் கானூனின் உடற்கூற்றுப் பகுதிக்கு ஷரஹ் எழுதிய இப்னுன் நஃபீஸ் இதனை மறுத்தார். நடுச்சுவர் தடித்தது, அதில் கண்ணுக்குத் தெரியும் துளையும் இல்லை, தெரியாத துளையும் இல்லை, வலப்புறக் குருதி நுரையீரலுக்குச் சென்று, காற்றோடு கலந்து, அதன் பின்னரே இடப்புறம் வந்து சேர வேண்டும் என்று எழுதினார். இதயத்திற்குரிய உணவை அதன் சுவரில் ஓடும் நாளங்களே தருகின்றன என்றும் சொன்னார். இது உண்மையான பாதி. இதனை எந்தப் பாடநூல் மறைத்தாலும் அது வரலாற்றுக்குச் செய்யும் அநீதியே.

ஆயினும் குருதி உடல் முழுவதும் சுற்றி மீள்கிறது என்று அவர் சொல்லவில்லை. அதனை 1628-ல் நிறுவியவர் ஹார்வியே. ஒரு துடிப்பில் இதயம் வெளியேற்றும் அளவைத் துடிப்பின் எண்ணிக்கையால் பெருக்கினார். அரை மணி நேரத்தில் வெளியேறும் குருதி உடலிலுள்ள மொத்தக் குருதியையே விஞ்சியது. இத்தனையையும் உணவிலிருந்து ஈரல் எவ்வாறு ஆக்கும்? ஆகவே சென்ற குருதியே திரும்பி வருகிறது என்றார். இன்றைய கணக்கும் அதுவே. துடிப்பொன்றுக்குச் சுமார் 70 மில்லிலிட்டர். நிமிடத்திற்கு 70 துடிப்பு. ஆக ஏறத்தாழ 5 லிட்டர். வளர்ந்தவர் உடலில் உள்ள குருதியும் ஏறத்தாழ அவ்வளவே. போகும் நாளத்தையும் மீளும் நாளத்தையும் இணைக்கும் நுண்குழாய்களை 1661-ல் உருப்பெருக்கியில் கண்டவர் இத்தாலியரான மால்பிகி.

திருட்டுப் பழியோ? 1553-ல் செர்வெட்டஸும் 1559-ல் கொலம்போவும் நுரையீரல் வழியைப் பற்றி எழுதினர். அதற்குச் சற்று முன், 1547-ல், இப்னுன் நஃபீஸின் வேறொரு மருத்துவப் பகுதி லத்தீனில் வெளிவந்திருந்தது. ஐயத்திற்கு இடமுண்டு, ஆனால் ஐயம் சாட்சியாகாது. வழக்குரைப்பவரே சாட்சி கொண்டுவர வேண்டும் என்பது நம் ஃபிக்ஹின் பால பாடமன்றோ?

நாம் நம்மையே ஒன்று கேட்போம். ஏறக்குறைய எழுநூறு ஆண்டுகள் அந்த ஷரஹைக் கவனிப்பாரற்றுக் கிடக்கவிட்டவர் யார்? 1924-ல் முஹ்யித்தீன் அத்ததாவி என்னும் எகிப்திய மருத்துவர் பெர்லின் நூலகத்துக் கையெழுத்துப் பிரதியில் அதனைப் படித்து வெளிக்கொணர்ந்தார். அதுவரை முஸ்லிம் உலகமே அதனை மறந்திருந்தது. திருடர் வந்ததாகச் சொல்கிறோம். வீட்டில் இருந்த பொருளை நாம் அறிந்திருந்தோமா?

இன்னுமொன்று. இப்னுன் நஃபீஸ் மருத்துவர் மட்டுமல்லர். கெய்ரோவின் மஸ்ரூரிய்யா மத்ரஸாவில் பாடம் நடத்திய ஷாஃபிஈ ஃபகீஹ். நம் கடற்கரை ஊர்களில் பெரும்பாலோர் தழுவும் அதே மத்ஹபினர். தீனியக் கல்வி வேறு, உலகக் கல்வி வேறு என்று வேலி போட்டவர்கள் நாம். அவ்வேலியை அவர் அறியார். இப்னு ஸீனாவின் நூலுக்கு விளக்கம் எழுதிக்கொண்டே அதிலிருந்த பிழையைப் பிழை என்றார். நம் மத்ரஸாக்களில் ஒரு மாணவர் கிதாபின் ஓரத்தில் "இது சரிதானா?" என்று குறித்தால், அவரை நாம் என்ன செய்கிறோம்? ஆசிரியராகிய நாமும் இக்குற்றத்திற்கு உடந்தையே.

இறுதியாக ஒன்று. சென்ற ஆண்டு நம் பக்கத்தில் ஒரு பெண்ணுக்குப் பிரசவத்தில் குருதி மிகுதியாகப் போயிற்று. ஆஸ்பத்திரி வாசலில் சொந்தக்காரர் பலர் நின்றனர். குருதி கேட்டபோது ஒருவருக்குத் தலைசுற்றல். ஒருவருக்குக் கடை திறக்கும் நேரம். "கொடுத்தால் உடம்பு இறங்கிவிடும்" என்றார் மற்றொருவர். மாதந்தோறும் ஹிஜாமாவுக்கு முதுகு கொடுப்போரும் அவர்களுள் இருந்தனர். ஹிஜாமா ஸுன்னத், அதனை நாம் குறை கூறவில்லை. தம் நலனுக்காகக் குருதியை வெளியேற்றத் துணிந்தவர், பிறர் உயிருக்காகக் கொடுக்க ஏன் நடுங்க வேண்டும்? முடிவில் கொடுத்தவர் அப்பெண்ணை ஏற்றி வந்த ஆட்டோ ஓட்டுநர்.

தானமாக எடுப்பது பெரும்பாலும் 350 மில்லிலிட்டர். மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கும் இல்லை. குறைந்த நீர்மம் ஓரிரு நாளில் ஈடாகும். சிவப்பணுக்களைச் சில வாரங்களில் எலும்பு மஜ்ஜை ஆக்கித் தரும். 18 முதல் 65 வயதுவரை உள்ள, 45 கிலோவுக்குக் குறையாத எடையுள்ள, மருத்துவர் தகுதி என்று கண்ட எவரும் தரலாம். ஆண்கள் மூன்று மாதத்திற்கு ஒருமுறை, பெண்கள் நான்கு மாதத்திற்கு ஒருமுறை.

ஓருயிர் காத்தலை மனிதகுலம் முழுவதையும் காத்தலுக்கு ஒப்பிடும் மறையை ஓதுவோர் நாம். அடுத்த மீலாது மேடையில் இப்னுன் நஃபீஸின் பெயரைச் சொல்லுங்கள், சரியாகச் சொல்லுங்கள். சொல்லி முடித்த கையோடு, பந்தலுக்குப் பக்கத்திலேயே குருதிக்கொடை முகாமுக்கு ஏற்பாடு செய்து, முதல் ஆளாகக் கையை நீட்டுங்கள். பேச்சாளர் முன்னே வரட்டும். பின்னால் நாமும் நிற்கிறோம்.