ஆணைக்கு அடங்காத உருபா

ஒரு நாட்டுப் பணத்தின் மதிப்பை வைப்பகத் தலைவரின் கையெழுத்தே வரையறுக்கின்றது என்று எண்ணுவார் இன்றும் உளர். அவ்வெண்ணம் எத்துணைப் பொய்யானது என்பதை 2022-ஆம் ஆண்டில் இலங்கை மக்கள் தம் வயிற்றைக் காயப்போட்டு அறிந்தனர்.

பொருள் விற்றும், சுற்றுலாவினரை ஈர்த்தும், கடல்கடந்து உழைப்போர் அனுப்புவதைப் பெற்றும் ஒரு நாடு ஈட்டுவது வரவு. இறக்குமதிக்கும் கடன் வட்டிக்கும் கொடுப்பது செலவு. இவற்றின் கணக்கே நடப்புக் கணக்கு. செலவு விஞ்சின் தாலரை வேண்டுவார் மிகுவர்; தருவார் குறைவர். அருகிய பொருளின் விலை ஏறுமாகலின் தாலரின் விலை ஏறும். அஃதாவது, உருபாவின் மதிப்பு இறங்கும். அயலார் கடனும் முதலீடும் வந்து அப்பள்ளத்தை நிரப்புமளவும் வீழ்ச்சி வெளித்தோன்றாது.

தேயிலையும் ஆடையும் விற்றுப் பெறுவதினும் எரிநெய்க்கும் பிறவற்றிற்கும் கொடுப்பதே இலங்கைக்குப் பல்லாண்டுகளாக மிகுதி. 2021-இல் அவ் வணிகப் பற்றாக்குறை மட்டும் 800 கோடித் தாலரைக் கடந்தது. அதனைப் பெரிதும் ஈடுசெய்து வந்தவை சுற்றுலாவும் அயலக உழைப்பாளர் பணமுமே. கொள்ளைநோயால் சுற்றுலா அற்றது. வெளிக்கடன் வாயிலும் அடைபட்டது. உருபாவை மெல்லத் தளரவிட்டிருப்பின் இறக்குமதி விலையேறித் தானே குறைந்திருக்கும். நடுவண் வைப்பகமோ, 2021-இன் பிற்பகுதியில் தாலருக்கு 203 உருபாவுக்கு மேல் இல்லை என்று பிடித்து நிறுத்தி, எஞ்சிய இருப்பையும் இறைத்தது.

விளைந்தது என்ன? வளைகுடா வெயிலில் வெந்து உழைத்தவன் வைப்பகத்தின்வழி அனுப்பினால் ஏறத்தாழ 200 உருபா. உண்டியல்காரனிடம் கொடுத்தால் அதனினும் மிகுதி. பிள்ளைகுட்டிகளைக் காக்க வேண்டியவன் எதனைத் தேர்வான்? அவனை நாட்டுப்பற்றற்றவன் என்று பழிப்பது எளிது. அவன் வீட்டு உலையை ஏற்றுவது எளிதன்று. 2020-இல் 710 கோடித் தாலராக இருந்த அவ்வரவு 2021-இல் ஏறத்தாழ 550 கோடியாகவும், 2022-இல் 380 கோடியாகவும் சுருங்கியது. மதிப்பைக் காக்க இட்ட ஆணையே, மதிப்பைத் தாங்கிய தூணை அரித்தது.

2022 மார்ச்சு 7-இல் பிடி தளர்ந்தது. ஏப்பிரல் 12-இல், வெளிக்கடன் அடைப்பதை நிறுத்துவதாக அரசு அறிவித்தது. மே திங்களில் ஒரு தாலர் 360 உருபா அளவிற்கு ஏறியது.

2023-இல் நடப்புக் கணக்கு மிச்சம் காட்டியது. அவ்வாண்டின் தொடக்கத்தில் 363 அளவில் இருந்த தாலர், இறுதியில் 324 அளவிற்கு இறங்கியது. சுற்றுலாவும் உழைப்பாளர் பணமும் மீண்டமை அதற்கு ஓர் அடிப்படை. மற்றொன்று, வாங்க வலியின்றிச் சுருங்கிய இறக்குமதி. பால்மா வாங்காத வீடுகளின் மிச்சமும் அக்கணக்கில் அடக்கம்.