மூக்குக்கு முப்பது சதவீதம்

எங்கள் ஆபீஸில் ஓர் இளைஞர். வயது இருபத்தாறு. வீட்டில் பெண் பார்க்கிறார்கள். செல்போனில் தன்னைத்தானே எடுத்துக்கொண்ட படத்தைக் காட்டி, ‘‘சார், என் மூக்கு நிஜமாவே இவ்ளோ பெரிசா?’’ என்றார், குரல் கம்ம.

‘‘மூக்கு மேல தப்பே இல்லப்பா. உன் கை நீளம் போதலை’’ என்றேன்.

தமாஷ் இல்லை. அமெரிக்காவில் 2018-ல் வந்த ஒரு மருத்துவக் கட்டுரையில் இதைக் கணக்குப் போட்டே காட்டிவிட்டார்கள். கேமராவை முகத்துக்கு 12 அங்குலத்தில் பிடித்தால், ஆண்களின் மூக்கு சுமார் 30 சதவீதம் கூடுதல் அகலமாகத் தெரியும். 5 அடி தள்ளிப் போனால் மூக்கு ஒழுங்காகப் பழைய சைஸுக்குத் திரும்பிவிடும்.

காரணம் சுலபம். 12 அங்குலத்தில், காதைவிட மூக்கு கேமராவுக்கு ரொம்பக் கிட்டத்தில் இருக்கிறது. கிட்டத்தில் இருப்பது பெரிசாகத் தெரியும், பக்கத்து சீட்காரரின் இன்க்ரிமென்ட் மாதிரி. 5 அடியில் மூக்குக்கும் காதுக்கும் ஏறக்குறைய ஒரே தூரம். சண்டை இல்லை.

‘வைட் ஆங்கிள் லென்ஸ் முகத்தைக் கெடுக்கும், டெலி லென்ஸ் கூட்டத்தை நெருக்கும்’ என்று போட்டோக்காரர்கள் சொல்வார்கள். பாதிதான் உண்மை. எது பெரிசு, எது சிறிசு என்பதைத் தீர்மானிப்பது நீங்கள் நிற்கிற இடம். எவ்வளவு அகலத்தை உள்ளே விடுவது என்பது மட்டும்தான் லென்ஸின் இலாகா. 35 எம்.எம். பிலிமில் 28 எம்.எம். லென்ஸ் மூலைக்கு மூலை 75 டிகிரி பார்க்கும். 50 எம்.எம். சுமார் 47 டிகிரி. 200 எம்.எம். வெறும் 12.

இதில்தான் சூட்சுமம். 28-ஐ மாட்டிக்கொண்டு ஒரு முகத்தை நிறைய எடுக்க வேண்டுமானால் அந்த ஆளின் மூச்சு படும் தூரத்துக்குப் போயாக வேண்டும். 200-ஐ மாட்டினால் தெருக்கோடியில் நின்று டீ குடித்துக்கொண்டே எடுக்கலாம். லென்ஸ் காலை நகர்த்துகிறது. கால் படத்தை மாற்றுகிறது.

பெரிய கலைஞர்கள் பலர் தங்களுக்கென்று ஒரு தூரத்தை வைத்துக்கொண்டார்கள். பிரெஞ்சுக்காரர் கார்ட்டியர் பிரெஸ்ஸான் கையில் சின்ன லைக்கா, பெரும்பாலும் 50 எம்.எம். ஜப்பானிய டைரக்டர் ஓசுவும் 50-ஐ விட்டு அசைய மாட்டார். நியூயார்க் தெருக்களில் சுற்றிய கேரி வினோகிராண்டுக்கு 28. கூட்டத்துக்குள்ளேயே புகுந்துவிடுவார்.

தூரம் பொல்லாதது. கொரோனா பரவிய 2020 ஏப்ரலில் டென்மார்க்கின் கோபன்ஹேகனில் செய்திப் புகைப்படக்காரர்கள் இரண்டு பேர் ஒரு காரியம் செய்தார்கள். ஜனங்கள் நிற்கும் இடங்களைத் தொலைவிலிருந்து டெலி லென்ஸிலும், கிட்டே போய் வைட் ஆங்கிளிலும் எடுத்தார்கள். முதல் படத்தில் ஒருவர் முதுகில் ஒருவர் ஒட்டிக்கொண்டு நிற்கிற மாதிரி. ‘பொறுப்பில்லாத ஜனங்க’ என்று திட்டத் தோன்றும். இரண்டாவதில் அதே ஜனங்கள் சமர்த்தாக இடைவெளி விட்டு நிற்கிறார்கள். இரண்டு படமும் பொய் இல்லை. ஆனால் ஒன்றைப் பார்த்தால் கோபம் வருகிறது, இன்னொன்றைப் பார்த்தால் மரியாதை வருகிறது.

மனிதர்களையும் இப்படித்தானே பார்க்கிறோம்? ஊர், ஜாதி, பக்கத்து டிபார்ட்மென்ட் எல்லாமே டெலி லென்ஸ். ‘அவங்க எல்லாருமே அப்படித்தான் சார்’ என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறோம். கிட்டே போனால் ஆளுக்கு ஆள் நடுவே இருக்கும் இடைவெளி தெரியும்.

வீட்டில் நேர் எதிர். அப்பாவை இருபது வருஷம் 12 அங்குலத்தில் பார்க்கிறோம். கோபம் மட்டும் மூக்கு மாதிரி பெரிசாகத் தெரிகிறது. வேலை கிடைத்து வெளியூர் போய், மாசக் கடைசியில் ரூம் வாடகைக்கு அல்லாடும்போதுதான், ‘இந்த மனுஷன் நாலு பேரை வெச்சுக்கிட்டு எப்படிச் சமாளிச்சார்?’ என்று தோன்றும். அப்போதுதான் அவருடைய முழு முகமும் சரியான அளவில் தெரியும்.

ஆகவே தம்பிகளே, யாராவது ஒருத்தர் ரொம்ப மோசமாகத் தெரிந்தால், தீர்ப்பு எழுதும் முன் எங்கே நின்று பார்க்கிறீர்கள் என்று ஒரு தடவை குனிந்து உங்கள் காலைப் பாருங்கள். நல்ல லென்ஸ் வாங்க ஒரு மாசச் சம்பளம் போகும். முன்னாலேயோ பின்னாலேயோ நாலடி நகர ஒரு பைசா ஆகாது.