ஊசி நாய்க்கு, குணம் யார் கண்ணில்?

"வாயில்லாத ஜீவனுக்கு நம்பிக்கையாவது, மனப்பிரமையாவது! அதற்கே வலி குறைகிறது என்றால் அக்குபங்சர் உண்மைதானே?" விலங்குகளுக்கு ஊசி வைத்தியம் செய்பவர்கள் சளைக்காமல் எடுத்துவைக்கும் வாதம் இது. கேட்டதும் தலையாட்டத் தோன்றும். ஆனால் வலி குறைந்ததாக நாய் எங்கே சொன்னது? சொல்பவர் அதை வளர்ப்பவர். பணம் கட்டி, வேலைக்கு விடுப்புச் சொல்லி அதைத் தூக்கிக்கொண்டு வந்தவர்.

அமெரிக்கக் கால்நடை மருத்துவர்கள் இதையே அளந்து பார்த்து 2012-இல் வெளியிட்டார்கள். மூட்டுத் தேய்மானத்தால் நொண்டிய 58 நாய்களுக்கு மருந்தே இல்லாத போலிச் சிகிச்சை தரப்பட்டது. கால் ஊன்றும் விசையைக் காட்டும் தகட்டின் மேல் அவற்றை நடக்கவிட்டு, அந்த அளவை வளர்ப்பவர்களின் பதில்களோடு ஒப்பிட்டார்கள். ஏறத்தாழ 57 சதவீத மதிப்பீடுகளில், தகட்டில் இல்லாத முன்னேற்றம் வளர்ப்பவர் கண்ணுக்குத் தெரிந்திருந்தது. மருத்துவர்களாவது தப்பினார்களா? அவர்களும் 40 முதல் 45 சதவீதம் வரை ஏமாந்திருந்தார்கள்.

ஊசி ஆய்வுகளையும் இதை மனதில் வைத்தே படிக்க வேண்டும். பின்லாந்தில் நடந்து 2001-இல் வெளியான ஆய்வில், இடுப்பு மூட்டு கெட்ட 38 நாய்களில் பாதிக்கு அக்குபங்சர் புள்ளிகளில் தங்கக் கம்பியைப் பதித்தார்கள். மீதிக்கு வேறு இடங்களில் தோலைக் குத்தியதோடு சரி. ஆறு மாதத்தில் இரண்டு கூட்டமுமே தேறியிருந்தன. இரண்டுக்கும் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. 2006-இல் நார்வேயில் தங்க மணிகளை வைத்து நடந்த ஆய்வோ தங்கத்துக்குச் சாதகமாக முடிந்தது. அதே ஆண்டு, முழங்கை மூட்டுவலி கண்ட 9 நாய்களுக்கு மின்தூண்டல் ஊசி குத்திப் பார்த்தபோது தகட்டின் அளவு மாறவில்லை. அதுவரை வந்த ஆய்வுகளை அலசிய தொகுப்பும் பரிந்துரைக்கவோ புறந்தள்ளவோ போதிய சான்று இல்லை என்றது.

சான்றுதான் இப்படி என்றால், எங்கே குத்துவது என்று காட்டும் வரைபடமும் இடிக்கிறது. குதிரைக்குப் பித்தப்பை கிடையாது. குதிரைக்கான அக்குபங்சர் வரைபடங்களில் மட்டும் 'பித்தப்பை நாளம்' என்ற ஆற்றல் பாதை ஓடுகிறது! மனித உடலுக்கு வரைந்ததை அப்படியே குதிரை மேல் போர்த்தியதன் விளைவு.

அதற்காக ஊசியைத் தூக்கி எறிந்துவிட வேண்டியதில்லை. அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010-இல், சுண்டெலியின் முழங்காலருகே ஊசியைக் குத்தித் திருகியபோது அங்கே அடினோசின் என்ற வேதிப்பொருள் 24 மடங்கு வரை கூடியதைக் கண்டார்கள். அதை ஏற்கும் வாங்கி இல்லாத எலிகளுக்கு வலி தணியவில்லை. ஆக, குத்திய இடத்தில் ஏதோ நடக்கத்தான் செய்கிறது. சிறுநீரகம் பழுதாகி வலிநிவாரணிகளைத் தாங்க முடியாத கிழட்டு நாய்க்கு, பயிற்சி பெற்ற மருத்துவர் ஊசியையும் சேர்த்துப் பார்ப்பதில் தவறில்லை.

சேர்த்துப் பார்க்கலாம் என்பதுதான் பேச்சு, மாற்றாக அல்ல. முதுகுத் தண்டுவட்டு பிதுங்கிப் பின்னங்கால்களில் உணர்வே போன நாய்க்கு உடனடி அறுவை சிகிச்சைதான் தேவைப்படலாம். அங்கே ஊசியை நம்பி நாள் கடத்துவது கொடுமை.

ஊசி வைத்தியம் செய்யும் மருத்துவமனைகள் முதல் நாளே நாய் நடப்பதையும் படியேறுவதையும் செல்போனில் படம்பிடித்து வைக்கட்டும். நாலைந்து முறைக்குப் பிறகு மறுபடி எடுத்து, எது முந்தியது என்று சொல்லாமல் வேறொரு மருத்துவரிடம் இரண்டையும் காட்டட்டும். அவருக்கு வித்தியாசம் தெரியாவிட்டால், அடுத்த அமர்வுக்குப் பணம் வாங்கக் கூடாது.