டியூப்பைத் திருப்பிப் பிடிங்க!

பங்குனி பிறந்துவிட்டால் எங்கள் பக்கத்தில் யாரும் வெயிலைத் திட்ட மாட்டார்கள். திட்டினால் சோறு கிடைக்காது! 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்களே, அப்போது இந்த வறண்ட கரிசல் பூமியில் தாராளமாகக் கிடைத்தது வெயில் ஒன்றுதான். குச்சி காய வேண்டும், ஒட்டிய தாள் காய வேண்டும், வெடிக் குழாய் காய வேண்டும். எல்லாவற்றுக்கும் வெயில்தான் முதலாளி. அந்த முதலாளிதான் எங்கள் வீட்டுப் பெண்பிள்ளைகள் கன்னத்தில் மங்கையும் கொண்டுவந்து வைக்கிறார்.

நான் டாக்டர் இல்லை. பி.ஃபார்ம் படித்துவிட்டு, சிவகாசியில் மருந்துக்கடை கவுன்ட்டருக்குப் பின்னால் இருபத்தைந்து வருஷமாக நிற்கிறவள். அங்கே நின்று பார்த்ததை வைத்துத்தான் சொல்கிறேன்: நம்மில் முக்கால்வாசிப் பேர் ‘மினரல் சன்ஸ்க்ரீன்’ வாங்கும்போது டியூப்பின் முன்பக்கத்தைத்தான் வாங்குகிறோம். காசு கொடுப்பது என்னவோ பின்பக்கத்துக்கு!

போன கோடையில் பழக்கமான அம்மா ஒருவர் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஆஃப்செட் பிரஸ்ஸில் டிசைன் வேலை பார்க்கிற பெண். தினமும் திருத்தங்கலிலிருந்து ஸ்கூட்டரில் வருகிறாள். இரண்டு கன்னத்திலும் பட்டாம்பூச்சி மாதிரி மங்கு.

“அக்கா, இவ சொல்றான்னு ஆன்லைன்ல தொள்ளாயிரம் ரூவாய்க்கு க்ரீம் வாங்கிக் குடுத்தேன். ரெண்டு டியூப் தீந்துருச்சு. பூசினா திருநீறு பூசின மாதிரி இருக்கு, கழுவினா மங்கு அப்படியே இருக்கு. இது வேணாங்க்கா. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஒரு க்ரீம் போட்டுப் பத்தே நாள்ல போயிருச்சாம். அதக் குடுங்க” என்று ஒரு சீட்டை நீட்டினார்.

சீட்டில் இருந்தது ஸ்டீராய்டு கலந்த க்ரீம். எனக்கு திக்கென்றது. “அதை அப்புறம் பேசுவோம். முதல்ல அந்த டியூப்பைக் காட்டும்மா” என்றேன். பெண் கைப்பையிலிருந்து எடுத்தாள். முன்னால் ‘முழுக்க மினரல்’ என்று பெரிய எழுத்து. திருப்பினால் எறும்பு எழுத்தில் பட்டியல். வெயிலைத் தடுக்கிற சரக்கு என்று அதில் இருந்தது டைட்டானியம் டை ஆக்ஸைடு மட்டும்தான். அங்கேதான் கோளாறு.

என்ன கோளாறு என்கிறீர்களா? கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

முகத்துக்கான மினரல் க்ரீம்களில் வேலை பார்க்கிற சரக்கு இரண்டுதான். ஒன்று துத்தநாக ஆக்ஸைடு (ஜிங்க் ஆக்ஸைடு). மற்றது டைட்டானியம் டை ஆக்ஸைடு. இந்த உலோகங்கள் நமக்கு அந்நியமில்லை. துருப்பிடிக்காமல் இருக்க வாளிக்குப் பூசுகிறார்களே, அது துத்தநாகம். ஃபேன்ஸி வெடியில் வெள்ளிப் பொறி தெறிப்பது டைட்டானியம் தூளால். கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி கடற்கரையில் அள்ளுகிற கறுப்பு மணலில் இருப்பதும் இதே டைட்டானியம்தான். அந்த மணலின் பெயர் இல்மனைட். அதில் டைட்டானியத்தோடு இரும்பும் சேர்ந்திருக்கும். இரும்பை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

வெயிலில் நம் கண்ணுக்குத் தெரியாத கதிர் இரண்டு வகை தோலுக்கு வந்து சேர்கிறது. யு.வி.பி. என்பது தோலைச் சுட்டுச் சிவக்க வைக்கிற முரடு. யு.வி.ஏ. நைசாக ஆழமாக இறங்கி நிறத்தைக் கூட்டும், சுருக்கம் விழ வைக்கும். ஜன்னல் கண்ணாடி யு.வி.பி.யை நிறுத்திவிடும், யு.வி.ஏ. உள்ளே வந்துவிடும். மதுரை பஸ்ஸில் கண்ணாடியை மூடிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாலும் தப்பிக்க முடியாது என்று அர்த்தம்!

டைட்டானியம் டை ஆக்ஸைடு யு.வி.பி.யிடம் கெட்டிக்காரன். யு.வி.ஏ.யில் பாதி தூரம் வரும். 340 நானோமீட்டருக்கு மேல் போனால் கை தளர்ந்துவிடும். துத்தநாக ஆக்ஸைடு அப்படியில்லை. யு.வி.பி.யில் டைட்டானியத்தை விடக் கொஞ்சம் மெதுவென்றாலும், யு.வி.ஏ.யில் 380 நானோமீட்டர் வரைக்கும் நின்று தடுக்கும். மங்கு விஷயத்தில் யு.வி.ஏ.தான் பெரிய வில்லன். ஆகவே ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால் என் ஓட்டு துத்தநாகத்துக்கு. இரண்டும் சேர்ந்திருந்தால் இன்னும் நல்லது. டைட்டானியம் மட்டும் இருந்தால் யோசியுங்கள். எஸ்.பி.எஃப். நம்பர் முக்கியமாக யு.வி.பி. கணக்கு. யு.வி.ஏ.க்குத் தனியாக ‘பி.ஏ.’ என்று போட்டுப் பக்கத்தில் கூட்டல் குறிகள் இருக்கும். 1996-ல் ஜப்பான்காரர்கள் கொண்டுவந்த முறை இது. குட்டி ஜப்பான்காரர்களான நாங்கள் இதையாவது பார்த்து வாங்க வேண்டாமா? மூன்று கூட்டல் குறிக்குக் குறைந்தால் வாங்காதீர்கள்.

இவை கதிரைக் கண்ணாடி மாதிரித் திருப்பி அனுப்புகின்றன என்று எல்லா விளம்பரத்திலும் சொல்கிறார்கள். நானும் ரொம்ப நாள் கவுன்ட்டரில் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தேன். அது சரியில்லை. யு.வி. கதிரின் பெரும்பகுதியை இவை உறிஞ்சித்தான் தடுக்கின்றன. திருப்பி அனுப்புவது கொஞ்சம்தான். 2016-ல் வந்த ஓர் ஆய்வு இதை அளந்தே காட்டியது. ஆக, பூசினதும் வெள்ளையாகத் தெரிந்தால் நல்லா வேலை செய்கிறது என்று அர்த்தமில்லை. அந்த வெள்ளை வெறும் வெள்ளை!

இப்போது இரும்புக்கு வருகிறேன்.

கண்ணுக்குத் தெரிகிற சாதாரண வெளிச்சத்துக்கும், முக்கியமாக அதிலுள்ள நீலப் பகுதிக்கும், நம் மாதிரி மாநிறத் தோலைக் கறுக்க வைக்கும் குணம் உண்டு. 2010-ல் அமெரிக்காவில் டெட்ராய்ட் நகர டாக்டர்கள் சோதித்தபோது, கறுத்த தோல்காரர்களுக்கு வெளிச்சம் பட்ட இடம் கறுத்து, அந்தக் கறுப்பு நாள்கணக்கில் நின்றது. வெள்ளைத் தோல்காரர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. வெள்ளைக்காரர் முகத்தை மனதில் வைத்துச் செய்த க்ரீம் நமக்கு ஏன் பாதி வேலைதான் செய்கிறது என்று இப்போது புரிகிறதா? இன்னொரு வேடிக்கை. வெள்ளை தெரியக்கூடாது என்று துகளைப் பொடிப்பொடியாக அரைத்து விடுகிறார்கள். பொடியாக ஆக ஆக அது வெளிச்சத்தை உள்ளே விட்டுவிடும். அதனால்தானே கண்ணுக்குத் தெரியவில்லை!

இதைத் தடுக்க இருக்கிற ஆள் இரும்பு ஆக்ஸைடு. பயப்படாதீர்கள், நம்ம வாசலில் கோலத்துக்குக் கரை கட்டுகிற காவியின் செம்மை அதுதான். கேலமைன் லோஷன் ரோஸாக இருப்பதற்கும் அதுதான் காரணம். தோல் நிறச் சாயம் சேர்த்த சன்ஸ்க்ரீன்களில் சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று மூன்று இரும்பு ஆக்ஸைடும் கலந்திருக்கும். பட்டியலில் சி.ஐ. 77491, 77492, 77499 என்ற நம்பர்களைத் தேடுங்கள். 2014-ல் மெக்ஸிகோவில் மங்கு உள்ளவர்களை இரண்டு பிரிவாக்கி, இருவருக்கும் ஒரே மருந்தைக் கொடுத்து, ஒரு பிரிவுக்கு மட்டும் இரும்பு ஆக்ஸைடு சேர்ந்த சன்ஸ்க்ரீன் கொடுத்தார்கள். எட்டு வாரத்தில் அவர்களுக்குத்தான் மங்கு கூடுதலாகக் குறைந்தது. நம் நிறத்தோடு ஒட்டிப்போவதால் திருநீறு பூசின தோற்றமும் இருக்காது. விளம்பரக்காரர்கள் இதை ‘மேக்கப்’ கணக்கில் சேர்த்து விற்கிறார்கள். எனக்கென்னவோ, நம் ஊர் முகத்துக்கு இந்த மூன்றாவது சரக்குதான் முதல் சரக்கு என்று தோன்றுகிறது.

“அப்படின்னா கேலமைனே பூசிக்கலாமே, விலையும் கம்மி” என்று புத்திசாலி அம்மாக்கள் கேட்கிறார்கள். கூடாது. அது அரிப்புக்கான மருந்து. காய்ந்ததும் திட்டுத் திட்டாக உதிரும், எவ்வளவு தடுக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஜிங்க் ஆக்ஸைடு பவுடர் வாங்கித் தேங்காய் எண்ணெயில் குழைக்கிற யோசனையும் வேண்டாம். துகள் கட்டி கட்டியாக நின்று, இடையில் ஓட்டை விழும்.

பட்டியலில் சிலிக்கா, அலுமினா, டைமெதிகோன் என்றெல்லாம் வந்தால் கலப்படம் என்று நினைக்காதீர்கள். டைட்டானியம் டை ஆக்ஸைடை உறை போடாமல் வெயிலில் விட்டால் அதுவே தோலைச் சீண்டும் வேதி வினைகளைக் கிளப்பிவிடும். அதற்குப் போடுகிற சட்டைதான் இவை. ‘நானோ’ என்று அடைப்புக்குறிக்குள் போட்டிருந்தாலும் பதற வேண்டாம். புண்ணில்லாத தோலில் இந்தத் துகள்கள் மேல்தோலின் செத்த அடுக்கைத் தாண்டி இறங்குவதில்லை. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2019-ல் வெளியிட்ட வரைவு விதியில், பாதுகாப்பானவை, பலனுள்ளவை என்று ஏற்றுக்கொண்டது இந்த இரண்டு மினரல்களை மட்டும்தான். கர்ப்பிணிகளுக்கு டாக்டர்கள் இவற்றைச் சொல்வதும் இதனால்தான். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு எந்த க்ரீமும் வேண்டாம், நிழல் போதும்.

நான் கோபப்படுவது இரண்டு விஷயத்தில். ஒன்று, மினரல் என்று விற்கிற சில டியூப்களில் பியூட்டைல்ஆக்டைல் சாலிசிலேட் என்று ஒரு பெயர் வரும். தடுப்பு மருந்து என்று அதைக் கணக்கில் காட்ட மாட்டார்கள். ஆனால் கெமிக்கல் சன்ஸ்க்ரீனில் இருக்கிற ஒன்றுக்கு அது பங்காளி, எஸ்.பி.எஃப். நம்பரைத் தூக்கிவிடத்தான் சேர்க்கிறார்கள். விஷம் என்று சொல்லவில்லை. மினரல் மட்டும் என்று நம்பிக் காசு கொடுத்தவருக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். இரண்டாவது, பவுடராகவும் ஸ்ப்ரேயாகவும் வருகிறவை. டைட்டானியம் டை ஆக்ஸைடு தோலில் இருந்தால் சாது. தூளாக மூச்சில் போகக்கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, மூச்சில் போகிற அதன் தூளைத்தான் புற்றுநோய் சந்தேகப் பட்டியலில் வைத்திருக்கிறது. மருந்துத் தூள் நுரையீரலுக்கு நல்லதில்லை என்று சிவகாசிக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. முகத்துக்குக் குழைவான க்ரீமே போதும்.

எவ்வளவு பூசுவது? ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால் முகத்துக்கும் கழுத்துக்கும் சரியாக இருக்கும், கிட்டத்தட்ட 1 கிராம். காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை என்றால் 50 கிராம் டியூப் இருபத்தைந்து நாள்தான் வரும். “ஆறு மாசம் வந்துச்சுக்கா” என்று பெருமையாகச் சொல்கிறார்களே, அவர்கள் சன்ஸ்க்ரீன் பூசவில்லை, பொட்டு வைத்திருக்கிறார்கள்! எஸ்.பி.எஃப். 30 சரியாகப் பூசினால் யு.வி.பி.யில் சுமார் 97 சதவீதம் தடுக்கும். 50 என்றால் 98. அந்த ஒரு சதவீதத்துக்குக் கூடுதல் விலை கொடுப்பதைவிட, 30-ஐத் தாராளமாகப் பூசுவது மேல்.

ஆனால் காய வைக்கிற மேடையில் நாள் முழுக்க நிற்கிற பெண்ணிடம் இந்தக் கணக்கைச் சொல்ல எனக்கு வாய் வராது. கூலியில் க்ரீம் வாங்கி, வியர்வையில் ஒரு மணி நேரத்தில் கரைய விடுவதா? அவர்கள் சேலைக்கு மேல் போட்டுக்கொள்கிற முழுக்கைச் சட்டையும் தலையில் கட்டுகிற துண்டும் பல க்ரீமை விட நல்ல தடுப்பு. பருத்தியாக இருக்கட்டும், ஆலைப் பாதுகாப்புக்கும் அதுதான் சரி. விருதுநகர் பங்குனிப் பொங்கலுக்கு அக்னிச்சட்டி எடுக்கப் போகிறவர்களிடமும், காத்து நிற்கிற நேரமாவது நிழலில் நில்லுங்கள் என்றுதான் சொல்கிறேன். க்ரீம் விற்கிறவள் இப்படிப் பேசலாமா என்று என் வீட்டுக்காரர் கேட்கிறார். பேசலாம்!

அந்தச் சீட்டை மறக்கவில்லை. பத்து நாளில் மங்கு போக்குகிற க்ரீம்களில் பெரும்பாலும் ஸ்டீராய்டு இருக்கும். நிறுத்தினால் இரண்டு மடங்காகத் திரும்பும். தோல் மெலிந்து, ரத்த நாளம் தெரிந்து, முகம் முழுக்கப் பரு கிளம்பிவிடும். 2018-ல் மத்திய அரசு பதினான்கு வகை ஸ்டீராய்டு க்ரீம்களை, டாக்டர் சீட்டில்லாமல் விற்கக்கூடாத ‘ஹெச்’ பட்டியலுக்குக் கொண்டுபோனது. பக்கத்து வீட்டுப் பிள்ளை சொன்னது டாக்டர் சீட்டு ஆகாது. நான் கொடுக்கவில்லை. அம்மாவுக்கு மனத்தாங்கல்தான்.

தோல் டாக்டரிடம் அனுப்பினேன். அவர் மருந்து எழுதிக் கொடுத்து, துத்தநாகமும் இரும்பு ஆக்ஸைடும் சேர்ந்த சன்ஸ்க்ரீனையும் சொல்லியிருந்தார். நாலு மாதத்தில் மங்கு பாதிக்கு மேல் மங்கிவிட்டது. முழுசாகப் போகவில்லை, வெயிலில் விட்டால் திரும்பியும் வரும். “கலரு ஏதாச்சும் கூடியிருக்காக்கா?” என்று அந்த அம்மா மெதுவாகக் கேட்டார். “கூடலை. கூடவும் கூடாது. இது அவ கலரு” என்றேன். பெண் சிரித்துவிட்டாள்.

அவளிடம்தான் கேட்டேன்: “ஏம்மா, நம்ம ஊர் பிரஸ்ல அடிக்கிற அட்டைப்பெட்டியிலயே இந்தப் பட்டியல் எறும்பு எழுத்துல இருக்கே, சதவீதமும் போடறதில்லையே, ஏன்?”

“அவங்க குடுக்கிற மேட்டரத்தானேக்கா நாங்க போட முடியும்” என்றாள். “அளவு என்னமோ எங்க கையில இல்ல. நாலு கலர்ல காலண்டர் அடிக்கிற மெஷினுக்கு அந்த ஒரு வரி பெரிசா அடிக்கிறதா கஷ்டம்?”